நெல்லையைச் சுற்றிப் பார்க்க கார் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லையை இரண்டு நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் வேலையாக ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொள்வது நல்லது என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டார் கட்டுரையாளர். படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த ஊருக்குள் பஸ்ஸும் ரயிலும் ஓடுவதே தெரியாதவர் எழுதியது போல இருந்தது அது.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு பாளையங்கோட்டையில். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் வந்ததில்லை. ஊர் பரந்து கிடக்கிறது என்று கட்டுரையாளர் சொன்னது சரிதான். 1994-ல் மாநகராட்சி ஆனபோது டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். பரப்பளவு நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆறு நடுவில் ஓடுகிறது. தபால்காரர்களுக்கு இன்றைக்கும் ஜங்ஷன் 627001, பாளை 627002, டவுன் 627006. கவரில் 'திருநெல்வேலி' என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டு, கடிதம் போய்ச் சேரவில்லையே என்று கவுண்ட்டரில் வந்து சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் நடந்தே பார்த்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டி வேண்டும். அந்த வண்டி பஸ்ஸாக இருக்கட்டும் என்கிறேன்.

போன மாதம் என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தான். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, ஞாயிறு ராத்திரி ரயிலுக்குத் திரும்ப வேண்டும். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவனுக்கு ஒன்பது வயது. காப்பி குடித்து முடிக்கும் முன்பே அவன் செல்போனை எடுத்துக் கார் தேட ஆரம்பித்தான். "முதல்ல ஒரு தடவ பஸ்ல ஏறு, பெறகு பேசுவோம்" என்று போனை வாங்கி வைத்துவிட்டேன்.

ஏறினோம். வெள்ளைப் பலகை பஸ், அதாவது சாதாரணக் கட்டண டவுன் பஸ், முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது. நடத்துநர் அருகில் வந்ததும் என் தம்பி மருமகள் கைப்பையைத் துழாவி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது?" என்றார். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஆனால் அந்த மாநிலத்துக்காரர்தான் என்பதற்கு அட்டை காட்ட வேண்டும். பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டாள். இங்கே 2021 மே மாதம் தொடங்கியதிலிருந்தே அந்தக் கேள்வி இல்லை. எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். "அதெல்லாம் உள்ள வைங்கம்மா" என்று சிரித்தபடி எங்கள் மூன்று பேருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் நடத்துநர். அவள் அந்தச் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். சின்னவனுக்கு அரை டிக்கெட். "அக்காவுக்கு மட்டும் ஏன் ஃப்ரீ, ஆச்சி?" என்று டவுன் போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டே வந்தான். முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், "நானும் அதத்தாம்ல கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. (தனியார் டவுன் பஸ்ஸில் எல்லாரும் டிக்கெட் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.)

பாளையிலிருந்து டவுன் போகும் பாதையைப் போல ஊரைக் காட்டுகிற பாதை வேறு இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள்கூட இப்படி வரிசைப்படுத்த மாட்டார்கள். முருகன்குறிச்சியில் ஊசிக் கோபுரம், 1826-ல் கட்டிய தேவாலயம். அப்புறம் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம். அங்கே பஸ் திரும்பிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம் இருப்பவர் கொடுத்து வைத்தவர். கீழே தாமிரபரணி, துவைக்கிறவர்களும் குளிக்கிறவர்களும். சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறந்தது. அதற்கு முன்பு பாளைக்கும் நெல்லைக்கும் ஓடம்தான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம் இது. அரசு சம்பளக்காரர் ஒருவர் ஊருக்கு ஆற்றுப்பாலம் கட்டினார் என்றால் தம்பி மகன் நம்பவே இல்லை. "இ.எம்.ஐ. கட்டியிருப்பாரா அத்தை?" என்றான்.

ஜங்ஷன் தாண்டியதும் ஈரடுக்குப் பாலம். 1970-களின் தொடக்கத்தில் கட்டியது. மேல் தட்டில் எங்கள் பஸ், கீழ்த் தட்டில் இன்னொரு ஊர்வலம், அதற்கும் கீழே தண்டவாளம். சரியாக அந்த நேரத்தில் ஒரு ரயிலும் வந்து சேர்ந்ததில் சின்னவன் அரை டிக்கெட்டை மறந்துவிட்டான். காரில் போயிருந்தால் இதெல்லாம் கதவுக் கண்ணாடிக்குக் கீழேயே போயிருக்கும். பஸ்ஸின் உயரத்தில்தான் பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்வை போகிறது. இது கட்டுரையாளர் கவனத்துக்கு.

டவுனில் நான்கு ரத வீதிகளிலும் காரை நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனித் தேரோட்டத்தின்போது மட்டுமல்ல, சாதாரண முகூர்த்த நாளிலும் அப்படித்தான். நாங்கள் ஆர்ச் தாண்டி இறங்கி நடந்தோம். நெல்லையப்பர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். தட்டினால் ஸ்வரம் எழுப்பும் மணி மண்டபத்துத் தூண்களைத் தட்டிப் பார்க்க இப்போது விடுவதில்லை, அது நல்லதுதான். ஒரே கல்லில் ஒரு பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்களும். பெரியவள் தட்டவில்லை, காதை மட்டும் வைத்துப் பார்த்தாள். நெல்லையப்பர் சன்னதியிலிருந்து காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போகும் சங்கிலி மண்டபத்தில் காற்று வந்துகொண்டே இருக்கும். 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது என்பார்கள். வெயில் நேரத்தில் அங்கே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. தாமிர சபையில் கூத்தப் பெருமான் ஆடிய கதையைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மேலே மரக்கூரை வேலைப்பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் சொதிச் சோறு சாப்பிட்டுவிட்டு, கொக்கிரகுளம் அறிவியல் மையம். 1987-லிருந்து இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை வந்து போயிருப்பார்கள், அதோடு சரி. தங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. டவுனிலிருந்து பாளை போகும் பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டியதும் இறங்கினால் நடக்கிற தூரம். பூங்காவில் இருக்கும் கருவிகளை விட்டுச் சின்னவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அல்வாவைப் பற்றிக் கட்டுரையில் பாதிப் பக்கம் இருந்தது. இருக்கட்டும். ஆனால் காலையில் வந்து இறங்கிய கையோடு இருட்டுக்கடைக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம், அது சாயங்காலக் கடை. மறுபடி டவுனுக்கு பஸ் ஏறி, கூட்டத்தில் நின்று வாங்கிக்கொண்டு, இலையில் கொஞ்சம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பஸ் குறையும் முன்பு வீடு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு முழுவதும் தம்பி மகனுக்கு ஆன பஸ் செலவைக் கணக்குப் பார்த்தால், கார் டிரைவருக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசுகூட வராது. டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தானே.

ஞாயிற்றுக்கிழமையை ரயிலுக்கு வைத்துக்கொண்டோம். ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று குறைந்தபட்சம் முப்பது ரூபாய் வாங்கினார்கள். 2024-ல்தான் பழையபடி பத்து ரூபாய்க்கு இறக்கினார்கள். அதிலிருந்து அம்பை (அம்பாசமுத்திரம்) போகிற கூட்டம் மறுபடி ரயிலுக்கு வந்துவிட்டது. போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். பேட்டை தாண்டியதும் வயல் தொடங்கிவிடும். சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகப் போக, பொதிகை மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரும். காருக்குறிச்சி பலகையைப் பார்த்ததும் எதிரே இருந்த ஒருவர் அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கல்லிடைக்குறிச்சி வரும் வரை நிறுத்தவில்லை. தம்பி மகன் யூடியூபில் தேடி எடுத்து வைக்க, எங்கள் பெட்டியில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டோடு ஒரு அம்மாள் ஏறினார். அதைத் தாண்டி ரயில் ஆற்றைக் கடந்ததும் அம்பை.

அம்பையில் இறங்கி, பாபநாசத்துக்கு பஸ். அங்கே கோயிலுக்கு எதிரே படித்துறையில் பிள்ளைகள் பொரியைப் போட்டதும் ஆற்றின் நிறமே மாறுகிற மாதிரி மீன் கூட்டம். காலை நனைத்தால் விரலைக் கடித்துப் பார்க்கும். அதே படித்துறையில் பரிகாரம் என்று அவிழ்த்துப் போட்ட ஈரத்துணிகள் மிதந்துகொண்டிருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பரிகாரம் செய்துவிட்டுப் போனவர்களுக்குப் பாவம் தீர்ந்திருக்கலாம், ஆற்றுக்குத் தீரவில்லை. அது தனியாக எழுத வேண்டிய கடிதம்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே சேரன்மகாதேவி வழியாக வந்தோம். பத்தமடையில் இறங்கிக் கோரைப் பாய் நெய்வதைப் பார்க்க மருமகளுக்கு ஆசை. ஆனால் எங்கள் மனதில் கிருஷ்ணாபுரம் இருந்தது. இங்கேதான், ஐயா, நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணம் வருகிறது.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் திருச்செந்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், அன்னத்தின் மேல் ரதி. ஒவ்வொன்றும் ஒரே கல். நரம்பு புடைத்திருப்பது, நகம் வரை தெரியும். பெங்களூரில் வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் காட்டுவதற்கு அதைவிட என்ன இருக்கிறது? புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஒரு நிறுத்தத்துக்குப் போய் நின்றோம். வந்த வண்டிகள் எல்லாம் பெரிய ஊர்களில் மட்டும் நிற்கிறவை. "கிருஷ்ணாபுரம் நிக்காதும்மா, பின்னால வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் இல்லை. நிறுத்தத்தில் ஒரு தலைவரின் பிறந்தநாள் போஸ்டர், ஒரு நகைக்கடை விளம்பரம், ஒரு கண்ணீர் அஞ்சலி. பஸ் எண்ணோ நேரமோ ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் வழி சொன்னவர் ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். பூவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "யக்கா, இப்பம் வாற வண்டி ஒண்ணும் அங்க நிக்காது. நாலே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் இருக்கு. ஞாயித்துக்கெழமன்னா அது சில நாளு வராது." அத்தோடு விட்டாரா? எந்த பஸ் எப்போது வரும், எது எங்கே திரும்பும், எந்த நடையை ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். முழு அட்டவணையும் அவருக்கு மனப்பாடம். நாலே முக்கால் பஸ் அன்றைக்கு வரவில்லை. ராத்திரி ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கிருஷ்ணாபுரம் பார்க்காமலே அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ரெட்டியார்பட்டியில் கட்டியிருக்கும் பொருநை அருங்காட்சியகத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகளில் கிடைத்த பொருள்கள் எல்லாம் இருக்கின்றன.

"இதுக்குத்தான் அத்தை கார்" என்று தம்பி மகன் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்ல பிள்ளை, சொல்லவில்லை.

அவனுக்கும் பஸ் மேல் குறை இல்லை. பஸ் எப்போது வரும் என்பது தெரியாததுதான் அவன் குறை. பெங்களூரில் ஒரு நாள் பாஸ் இருக்கிறதாம். ஒருமுறை வாங்கிவிட்டால் அன்று முழுவதும் ஏறி இறங்கிக்கொள்ளலாம். சென்னையில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்து, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். நமக்கு மெட்ரோ வேண்டாம். ஸ்மார்ட் சிட்டி என்று ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துப் பல வருஷம் காக்க வைத்துக் கட்டித் திறந்திருக்கிறார்கள். கட்டடம் வந்துவிட்டது. அந்தப் பூக்காரம்மாவுக்குத் தெரிந்ததை ஒரு தகரப் பலகையில் எழுதி ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாட்ட எவ்வளவு ஆகும்? செயலி வரும்போது வரட்டும், எனக்கு இப்போதைக்குத் தகரமே போதும். ஞாயிற்றுக்கிழமை எந்த நடை கிடையாது என்பதை அதில் சிவப்பு மையில் எழுதிவிட்டால், என்னைப் போல ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கிறவர்கள் குறைவார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலிலேயே இன்னொரு பலகை வேண்டும். டவுனுக்கு எங்கே ஏறுவது, பாபநாசம், தென்காசி, திருச்செந்தூர் வண்டிகள் புறப்படும் புது பஸ் ஸ்டாண்டுக்கு எங்கே ஏறுவது என்று அதில் இருக்க வேண்டும். வாசலில் காத்திருக்கும் ஆட்டோ தம்பிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கும் சவாரி குறையாது, மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் எப்போதும் இருக்கத்தான் செய்வார்கள்.

வார இறுதிக்கு மட்டும் டவுன் பஸ்களுக்கு ஒரு நாள் பாஸ் கொடுத்துப் பார்க்கலாம். பெண்களுக்கு அது தேவையில்லை, ஆண்களுக்கும் என் பேரனைப் போன்ற அரை டிக்கெட்டுகளுக்கும் உதவும்.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரயில் நேரம் மாறினால் தங்கள் நாளிதழில் உடனே செய்தி வருகிறது. வந்தே பாரத் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே போனாலும் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதில் ஏறுகிறவர்களைவிட டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள்தான் தங்கள் வாசகர்களில் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இதழில் கால் பக்கம் போதும். கிருஷ்ணாபுரம், ரெட்டியார்பட்டி, குறுக்குத்துறை பக்கம் போகும் பஸ் நேரங்களையும், பாபநாசத்திலிருந்தும் அம்பையிலிருந்தும் நெல்லைக்குத் திரும்பும் கடைசி வண்டியையும் போடுங்கள். நேரம் சேகரிக்க நிருபரை அனுப்பும்போது அலுவலகங்களில் மட்டும் கேட்காமல், நிறுத்தங்களில் பூவும் டீயும் விற்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். தம்பி மகன் பொங்கல் லீவுக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறான். மார்கழி முடிவதற்குள் முதல் பட்டியல் வந்தால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.